பதினோரு அம்பு

லோக் பகதூர் நேபாளத்திலிருந்து திரும்பி வந்த ஞாயிற்றுக்கிழமை காளியாத்தாள் காம்பவுண்டில் தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால், அவன் சொன்னதை நின்று கேட்க யாருக்கும் நேரம் இருந்திருக்காது.

வீரபாண்டிப் பிரிவுக்கு உள்ளே தள்ளி, எதிரும் புதிருமாக ஆறு அறைகள், நடுவில் ஒரு குழாய், ஒரு துவைகல். காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை தண்ணீர். அந்த ஒரு மணி நேரம் மட்டும் அங்கே குடியிருப்பவர்கள் ஒருவருக்கொருவர் எதிரிகள். மீதி இருபத்து மூன்று மணி நேரமும் சொந்தக்காரர்கள். அன்றைக்குக் குடங்களை வரிசையில் விட்டுவிட்டு எல்லாரும் அவனைச் சுற்றி நின்றார்கள்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவன் ஊரில் நிலம் நடுங்கியது. ஜாஜர்கோட் பக்கம், மலைமேல் ஊர். செய்தி வந்த காலையிலேயே அயர்ன் பாக்ஸை அணைத்துவிட்டு ரயில் ஏறியவன், ஒரு மாதம் கழித்துப் பாதி உடம்பாக வந்து நின்றான். ஆறு வருடத் திருப்பூர் வாசத்தில் அவன் தமிழ் கற்றுக்கொண்டது வீட்டுச் சொந்தக்காரி காளியாத்தாளிடம். அதனால் எந்தச் சொல்லையும் 'ங்க' போடாமல் வெளியே விடமாட்டான்.

"ஊட்ல எல்லாரும் சௌக்கியந்தானுங்களா சாமி?" என்று காளியாத்தாள் கேட்டாள்.

"பொண்டாட்டிங்க நல்லா இருக்காங்க. பொண்ணுங்க நல்லா இருக்குதுங்க. ஊடுங்க விழுந்துருச்சுங்க. எருமைங்க செத்துப்போச்சுங்க."

"பள்ளிக்கூடம்?" என்றாள் சித்ராதேவி.

"பாதி நிக்குதுங்க. உள்ள போகக் கூடாதுன்னு கயிறு கட்டிட்டாங்க. இப்ப தார்ப்பாய்க்குக் கீழதாங்க கிளாஸ்."

மூன்றாவது அறை சித்ராதேவியுடையது. அவள் புருஷன் இசக்கிமுத்துவும் அதில்தான் இருக்கிறான். ஆனால் இசக்கிமுத்துவின் அறை என்று யாராவது சொன்னால் முதலில் சிரிப்பது அவனாகத்தான் இருக்கும். மூன்று பேருக்கும் ஒரே பனியன் கம்பெனி. அவள் செக்கிங் டேபிள், அவன் ஆல்ட்டர் டெய்லர், லோக் அயர்ன். அதாவது அவள் குறை கண்டுபிடிப்பாள், அவன் திருத்துவான், லோக் சூடு வைப்பான். வீட்டிலும் ஏறக்குறைய இதே வரிசைதான் என்று இசக்கிமுத்து சொல்லுவான்.

"கணக்கு வாத்தியாருக்கும் ஊடு போச்சுங்க" என்று லோக் தொடர்ந்தான். "குடும்பத்தைக் கூட்டிக்கிட்டுக் கீழ டவுனுக்குப் போயிட்டாருங்க. பங்குனில எட்டாவது பரீட்சைங்க. கணக்கு வாத்தியார் இல்லாம எம் பொண்ணு பிமலா எங்கிங்க பாஸாகறது? ஃபெயிலாயிட்டா இங்க கூட்டிட்டு வந்துருவேன்ங்க. சித்ராக்கா பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டாப் போதும்ங்க. என் கண்ணு முன்னால இருப்பாங்க."

"என்ன வயசு அதுக்கு?"

"பதிமூணுங்க."

"கம்பெனில சேக்க மாட்டாக."

"பதினெட்டுன்னு சொன்னாப் போச்சுங்க. எங்க ஊர்ப் பொண்ணு வயசு இங்க யாருக்குங்க தெரியும்?"

"எனக்குத் தெரியும்ல" என்றாள் சித்ராதேவி.

அவள் பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்று நாலு வாங்கியவள். மார்க் ஷீட் வந்த மறுவாரம் உசிலம்பட்டியில் பஸ் ஏற்றிவிட்டார்கள். திருப்பூரில் இறங்கியதும், பதினைந்து வயசுப் பெண்ணைப் பதினெட்டு என்று சொன்னது அவளுடைய பெரியப்பா. அவர் அதைச் சொல்லும்போது கண்கூடச் சிமிட்டவில்லை. பதினாலு வருடமாகிறது. இதுவரை மாறியது ஸ்டூல் மட்டும்தான், மூன்று தடவை.

"பரீட்சை வரைக்கும் நான் சொல்லித் தாரேன். பாஸாயிட்டா?"

"பாஸாயிட்டா ஒன்பதாவதுங்க. கீழ பஜார்ல ஹாஸ்டலோட பள்ளிக்கூடம் இருக்குதுங்க. சேத்திருவேன்ங்க."

"இம்புட்டுப் பேரு சாட்சி. பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்ங்க."

இசக்கிமுத்து காலிக் குடத்தின்மேல் உட்கார்ந்திருந்தான். "ஏட்டி, நேபாளத்துல இருக்கிற பிள்ளைக்கு இங்கன இருந்து எப்படிச் சொல்லிக்குடுப்ப? நான் உன் பின்னாலயே நின்னு சொல்லுதது உன் காதுல விழ மாட்டேங்கு."

"போன்லதான். நீ மணிக்கணக்கா சிரிச்சுக்கிட்டுப் பாக்குறியே, அதே போன்லதான்."

"அப்ப நான் எதைப் பாக்க?"

"என்னையப் பாரு."

காம்பவுண்டே சிரித்தது. காளியாத்தாள்தான் முடித்துவைத்தாள். "நல்ல காரியமுங்க கண்ணு. நீங்க பண்ணுங்க. தண்ணி முறையில உங்களுக்கு மொதக் கொடம். ஆராச்சும் கேட்டா என்றகிட்டச் சொல்லுங்க."

*

ஏற்பாடு இப்படி அமைந்தது. தார்ப்பாய்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்புக்குப் பதினாலு பிள்ளைகள். எல்லாருக்கும் சேர்த்துத் தலைமையாசிரியரின் போன் ஒன்று. மத்தியானம் அவர் பதினாலு நோட்டையும் படம் எடுப்பார். பிமலாவின் அம்மா புல் அறுக்க மேட்டுக்குப் போகும்போது அந்த போனைக் கொண்டுபோவாள். சிக்னல் அந்த மேட்டில்தான். அவள் ஒரு கட்டுப் புல் அறுத்து முடிக்கும் நேரத்தில் பதினாலு படமும் லோக்கின் போனில் வந்து விழுந்துவிடும். கம்பெனியில் சாயங்கால டீக்கு மணி அடித்ததும் சித்ராதேவி அதை வாங்கிக்கொண்டு ஆபீஸ் ரூமுக்குப் போவாள்.

ஃப்ளோர் இன்சார்ஜ் ஜெபக்குமார் நாசரேத்துக்காரர். பிரிண்டரைக் கட்டிய மனைவிபோலப் பாதுகாப்பவர்.

"பழைய பேக்கிங் லிஸ்ட்டுக்குப் பின்பக்கம் எடுத்துக்கோம்மா. புதுப் பேப்பர் தொட்டா எனக்குத் தெரியும்."

"எப்படி சார் தெரியும்?"

"எண்ணி வச்சிருக்கேன்."

மறுநாள் காலை, முதல் குடம் பிடித்து முடித்ததும், துவைகல்லைத் துடைத்துத் தாள்களைப் பரப்பிக்கொண்டு அவள் உட்காருவாள். திருத்துவதற்கு அவளிடம் சிவப்பு மை இல்லை. சிவப்பு அம்பு இருந்தது.

செக்கிங் டேபிளின் வழக்கம் அது. டி-ஷர்ட்டைப் புரட்டிப் பார்க்கும்போது ஓட்டையோ எண்ணெய்க் கறையோ தையல் விட்ட இடமோ கண்ணில் பட்டால், விரல்நக அளவு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை அங்கே ஒட்டுவார்கள். அம்பின் முனை குறையைக் காட்டும். ஆல்ட்டர் டெய்லர் அதைப் பார்த்துத் திருத்துவான். குறை இல்லாத பீஸை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள்; மடித்து அந்தப் பக்கம் போட்டுவிடுவார்கள். சித்ராதேவி கணக்கு நோட்டையும் அப்படித்தான் பார்த்தாள். தப்புக்கு அம்பு. சரிக்கு ஒன்றும் இல்லை. அம்பு ஒட்டிய தாளைப் படம் எடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவாள்.

முதல் நாள் நோட்டில் எண்கள் நேபாள எழுத்தில் இருந்தன. லோக் ஒரு அட்டைப்பெட்டித் துண்டில் பத்து எண்ணையும் எழுதிக் கொடுத்திருந்தான். அவள் அதை ஒரு தரம் பார்த்தாள், இது என்ன பெரிய வித்தை என்று சாப்பாட்டுப் பையில் செருகிவிட்டாள். அவர்களுடைய ஒன்று நம்முடைய ஒன்பதைப் போலவே இருக்கும். விடையில் ஒன்று வந்த இடமெல்லாம் அவள் ஒன்பது என்று படித்து அம்பு ஒட்டித் தள்ளினாள். பத்துக் கணக்கும் சரியாகப் போட்டிருந்த பிமலாவுக்கு எட்டு அம்பு. பாதிக் கணக்கைப் போடாமலே விட்ட பிள்ளைகளுக்கு மூன்றோ நாலோ.

அன்று மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதுதான் அட்டை மறுபடி கண்ணில் பட்டது. பார்த்தாள். மூடியை மூடினாள். மறுநாளிலிருந்து எண்களைச் சரியாகப் படித்து, தப்புக்கு மட்டும் அம்பு ஒட்டினாள். முதல் நாள் நடந்ததை லோக்கிடம் சொல்லவில்லை, புருஷனிடம் சொல்லவே இல்லை. செக்கர் தப்புப் பண்ணினாள் என்று இசக்கிமுத்துவுக்குத் தெரிந்தால் அவன் சாகும்வரை அதை வைத்தே சாப்பிடுவான்.

சொல்லிக்கொடுப்பதற்கு வேறு ஒரு முறை. அட்டையில் கணக்கைப் போட்டுக் காட்டிப் படம் எடுப்பாள். விளக்கத்தை லோக் நேபாளியில் பேசி அனுப்புவான். அவன் அயர்ன் டேபிளில் நின்றபடியேதான் பேசுவான். அதனால் ஒவ்வொரு விளக்கத்துக்கும் நடுவில் ஸ்டீம் அயர்ன் 'புஸ்' என்று தன் கருத்தையும் சொல்லும்.

"சதவீதத்தைக் கேளுப்பா. நூறு பீஸ் வந்துச்சு, ஏழு ரிஜெக்ட். அப்ப ஏழு சதவீதம். இருநூறு பீஸ் வந்து ஏழு ரிஜெக்ட்னா?"

"நல்ல கம்பெனிங்க."

"எத்தனை சதவீதம்னு கேட்டேன்யா."

*

மார்கழி பிறந்தபோது பிமலாவின் தாளில் ஒரு அம்பு, இரண்டு அம்பு இருந்தன. அதற்கப்புறம் மூன்று. அப்புறம் ஐந்து. மற்றப் பிள்ளைகளும் அப்படியே. சித்ராதேவி கணக்கை இன்னும் எளிதாக்கினாள். அம்பு இன்னும் கூடியது. வகுத்தலை விட்டுப் பெருக்கலுக்கு இறங்கினாள், பெருக்கலை விட்டுக் கூட்டலுக்கு இறங்கினாள். ஏழும் ஐந்தும் பதிமூன்று என்று பதினாலு பேரும் ஒரே குரலில் எழுதி அனுப்பினார்கள்.

"ரிஜெக்ஷன் ஏறிக்கிட்டே போகுதுட்டி" என்றான் இசக்கிமுத்து, பல் விளக்கிக்கொண்டே. "பையர் பாத்தாம்னா ஆர்டரையே கேன்சல் பண்ணிருவான்."

"வாயில பிரஷ் இருக்கும்போதாவது பேசாம இருக்கியா?"

"நான் என்ன சொல்லுதேன்னா, நீ சொல்லிக்குடுக்க ஆரம்பிக்கதுக்கு முன்னால அந்தப் பிள்ளையளுக்குக் கூட்டல் தெரிஞ்சிருக்குல்லா?"

அவளுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அவளும் இரண்டு நாளாக அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. பரீட்சைக்கு இரண்டு மாதம் சொச்சம். பன்னிரண்டு கணக்கில் பிமலா பதினொன்று தப்பு. பக்கத்து ஸ்டூலில் அந்தப் பெண் வந்து உட்கார்ந்துவிட்ட மாதிரியே இருந்தது. அதற்கு முதலில் எதைச் சொல்லிக்கொடுப்பது, ஓட்டையையா, கறையையா என்றுகூட மனசு யோசித்துவிட்டது. அப்படி யோசித்ததற்காகத் தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை லோக் பகதூர் இரண்டு டப்பா லட்டோடு வந்தான். குளித்து, நெற்றியில் பொட்டு வைத்து, வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். முதல் லட்டைக் காளியாத்தாளுக்குக் கொடுத்தான், இரண்டாவதைக் குழாயடியில் நின்ற சித்ராதேவியின் வாயிலேயே வைத்தான்.

"என்ன விசேஷமுங்க சாமி?"

"பிமலாங்க பதினோரு அம்பு வாங்கிட்டாங்க! கிளாஸ்லயே பர்ஸ்ட்டுங்க! எல்லாம் அக்கா புண்ணியம்ங்க."

சித்ராதேவி லட்டை விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் நின்றாள். இசக்கிமுத்து அவள் முதுகில் தட்டினான். தட்டும்போதே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"வே லோக்கு, பதினோரு ரிஜெக்ஷனுக்கா லட்டு குடுக்க?"

"என்னங்க?"

"போன் போடு" என்றாள் சித்ராதேவி. "அந்தப் புள்ளைகிட்ட நான் பேசணும்."

தலைமையாசிரியரின் போனை வாங்கிக்கொண்டு பிமலா காலையிலேயே மேட்டில்தான் இருந்தாள். போனில் முதலில் வானம் தெரிந்தது, பிறகு ஒரு கம்பளித் தொப்பி, அதற்குக் கீழே பல் முழுக்கச் சிரிப்பு. சித்ராதேவி கேட்க, லோக் நேபாளியில் கேட்டுத் தமிழில் சொன்னான்.

"அம்புன்னா என்னன்னு கேளு."

"பிரைஸுங்கறாங்க."

"யாரு சொன்னது?"

"மொத நாளே தெரிஞ்சுபோச்சாம்ங்க. பத்தும் சரியாப் போட்டாங்களாம்ங்க, எட்டு அம்பு வந்துச்சாம்ங்க. பாதி போடாம விட்டவங்களுக்குக் கம்மியாத்தான் வந்துச்சாம்ங்க."

சித்ராதேவி குழாயைப் பார்த்தாள்.

"ரெண்டாம் நாள்லருந்து எல்லாம் சரியாப் போட்டும் ஒரு அம்புகூட வரலையாம்ங்க. அழுதாங்களாம்ங்க. அப்புறம் பாத்தா, விடையில ஒண்ணு ஜாஸ்தியா எழுதின பையனுக்கு அம்பு வந்துச்சாம்ங்க. அப்பத்தாங்க கண்டுபிடிச்சாங்களாம்."

"எதை?"

"திருப்பூர்க் கணக்கைங்க. திருப்பூர்ல விடை வந்ததுக்கப்புறம் ஒண்ணு கூட்டிக்கணுமாம்ங்க. இப்ப எல்லாரும் மொதல்ல சரியான விடையைக் கண்டுபிடிச்சு, மறுபடி சரிபாத்து, அப்புறமாத்தான் ஒண்ணு கூட்டுறாங்களாம்ங்க. பன்னெண்டாவது கணக்குல அவசரத்துல கூட்ட மறந்துட்டாங்களாம்ங்க, அதுக்கு சாரிங்கறாங்க."

இசக்கிமுத்து துவைகல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டான். "அதுல என்ன தப்பு? கட்டிங்ல நூறு பீஸுக்கு நூத்திமூணு வெட்டுதோம்லா. பிள்ளையள் நம்ம ஊரு வழக்கத்தை நல்லாப் படிச்சிருக்கு."

"அம்பு மொத நாள் ஏன் அப்படிப் போச்சு?" என்று அப்புறம்தான் அவனுக்கே உறைத்தது. மெதுவாகத் திரும்பினான். "ஏட்டி?"

"ஒண்ண ஒம்பதுன்னு படிச்சுட்டேன்" என்றாள் சித்ராதேவி, பக்கெட்டைப் பார்த்துக்கொண்டு.

இசக்கிமுத்து எழுந்து நின்றான். கையிலிருந்த லட்டை இரண்டாக உடைத்து ஒரு பாதியை அவளிடம் நீட்டினான். "நாலு வருஷமாச்சு கல்யாணமாகி. இன்னைக்குத்தான் எனக்குப் பொங்கல்."

லோக்குக்கு இப்போதுதான் விஷயம் முழுசாக இறங்கியது. கையிலிருந்த டப்பாவைப் பார்த்தான். "அப்ப பதினொண்ணும் தப்புங்களா?"

"தப்பு இல்லய்யா. பதினொண்ணும் அதுக்குச் சரியாத் தெரிஞ்சிருக்கு. ஆனா பரீட்சையில இப்படியே ஒண்ணு கூட்டி எழுதினா முட்டைதான். சொல்லிற வேண்டியதுதான். போனைக் குடு."

"கண்ணு, சித்தெ இருங்க" என்று காளியாத்தாள் போனின்மேல் கையை வைத்தாள். திரையில் பிமலா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள். பின்னால் இன்னும் நாலைந்து தொப்பிகள் வந்து சேர்ந்திருந்தன. "ஊடு போச்சு, பள்ளிக்கொடம் போச்சு. அதுகளுக்குன்னு இருக்கறது அந்த அம்பு ஒண்ணுதானுங்க. அத்தனையும் தப்புக்குத்தான் வந்துதுன்னு சொன்னா நாளைக்கு எந்தக் கொழந்தைங்க நோட்டைத் தொறக்கும்?"

குழாய் பக்கெட்டை நிரப்பி வழிந்துகொண்டிருந்தது; யாரும் அதைத் தள்ளி வைக்கவில்லை. அந்தக் காம்பவுண்டு வரலாற்றில் அது ஒருமுறைதான் நடந்தது.

சித்ராதேவி முந்தானையால் வாயைத் துடைத்தாள். "லோக்கு, இப்படிச் சொல்லு. பையர் ஸ்பெக் மாத்திட்டான். இன்னையோட திருப்பூர்க் கணக்கு நிப்பாட்டியாச்சு. இனிமே உங்க ஊர்க் கணக்குத்தான். சரியான விடை அப்படியே எழுதணும். அதுக்குத்தான் அம்பு."

சரக்கு வாங்குகிறவன் அளவையோ தையலையோ மாற்றிச் சொல்லும்போதெல்லாம், வாரத்துக்கு ஒரு தரம், பனியன் கம்பெனியில் கேட்கிற வாக்கியம் அது. லோக் ஒரு சந்தேகமும் இல்லாமல் மொழிபெயர்த்தான். தொப்பிகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. பிமலா ஏதோ கேட்டாள்.

"பழைய அம்பையெல்லாம் திருப்பிக் கேப்பீங்களாங்கறாங்க."

"வேணாம்னு சொல்லு. அது அவங்களுக்கே."

*

பொங்கல் கழிந்த முதல் வாரத்திலேயே பிமலாவின் தாளில் பன்னிரண்டுக்குப் பத்து அம்பு, அத்தனையும் சரியான விடைக்கு. சித்ராதேவிக்குத்தான் கஷ்டமாக இருந்தது. பதினாலு வருடமாகக் குறையைத் தவிர எதிலும் நிற்காத கண். சரியான விடையில் அதை நிறுத்தி, ஆமாம் இது நன்றாகத்தான் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டு ஒரு அம்பை ஒட்ட, முதல் இரண்டு நாள் கையே வரவில்லை. மூன்றாம் நாள் பழகிவிட்டது. பிறகு நன்றாகவே பழகிவிட்டது. அதுதான் வம்பாகப் போயிற்று.

வியாழக்கிழமை காலை கம்பெனியில் ஆல்ட்டர் மெஷினில் உட்கார்ந்திருந்த இசக்கிமுத்துவிடம் ஒரு குவியல் டி-ஷர்ட் வந்தது. எல்லாவற்றிலும் அம்பு. அவன் ஒன்றை எடுத்துத் திருப்பினான், உள்பக்கம் பார்த்தான், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தான்.

"ஏட்டி, இதுல என்ன குறை?"

"அம்பு இருக்குல்ல. பாரு" என்றாள் அவள் தலை தூக்காமல்.

"அம்பு இருக்கு. குறையைத்தான் காணோம்."

"நல்லாப் பாத்தாத் தெரியும்."

கல்யாணமான நாலு வருடத்தில் அவள் காட்டிய குறை எதுவும் இல்லாமல் போனதில்லை. அவன் அந்த அனுபவத்தை மதித்து, நல்ல தையலைப் பிரித்து அதே இடத்தில் திரும்பத் தைத்தான். நாற்பது பீஸ் அப்படித் தைத்து முடித்தான். குறையுள்ள பீஸெல்லாம் அம்பில்லாமல் சுத்தமாக மடிக்கப்பட்டு அயர்னுக்குப் போய், பெட்டிக்குள்ளும் போய்க்கொண்டிருந்தன. கடைசியில் லோக் பகதூர் ஒரு பீஸை உதறித் தூக்கிப் பிடித்தபோது, அதன் நெஞ்சுப் பக்கத்து ஓட்டை வழியாக எதிரே வந்த ஜெபக்குமாரின் முகம் முழுசாகத் தெரிந்தது.

"சார்ங்க" என்றான் லோக். "இதுல உங்களைப் பாக்கலாம்ங்க."

எட்டுப் பெட்டி கட்டியாகியிருந்தது. ஜெபக்குமார் எட்டையும் அவிழ்த்துக் கொட்டச் சொல்லிவிட்டுச் செக்கிங் டேபிளுக்கு வந்தார். கத்துவார் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவர் மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"ஏம்மா. நல்ல பீஸை எல்லாம் இசக்கிகிட்ட அனுப்பிட்டு, ஓட்டையை எல்லாம் கப்பல்ல ஏத்தப் பாத்திருக்க. நாளைக்கு பையரோட ஆளு வாராரு. உனக்கு நேபாளமா, கம்பெனியா? ஒண்ணைச் சொல்லு."

"ரெண்டும் சார்."

"ஒண்ணைச் சொல்லுன்னேன்."

"ரெண்டுல எதைச் சொன்னாலும் ஒரு புள்ளை இந்த ஸ்டூலுக்கு வந்துரும் சார். நான் போனா எனக்குப் பதிலா எவளாவது. சொல்லிக்குடுக்கிறதை விட்டா, லோக்கு மக."

ஜெபக்குமாருக்கு அந்தக் கணக்கு உடனே புரியவில்லை. புரிகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "சாயங்காலத்துக்குள்ள எட்டுப் பெட்டியும் சுத்தமா இருக்கணும்" என்று போய்விட்டார். அன்று மத்தியானம் யாரும் தூக்கைத் திறக்கவில்லை. செக்கிங்காரிகளும் அயர்ன்காரர்களும் வரிசையாக உட்கார்ந்து மறுபடி பார்த்தார்கள். நாலரைக்கு முடிந்தது. இசக்கிமுத்து மட்டும் தன் நாற்பது பீஸையும் தனியாக எடுத்து வைத்து, "இது ரெண்டு தடவை தைச்சது, ரொம்ப ஸ்ட்ராங்கு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான்.

கை குழம்பாமல் இருக்க அவளே ஒரு வழி கண்டாள். கம்பெனியில் வலது கை, வீட்டில் இடது கை என்று பிரித்துக்கொண்டாள். மறுநாள் காலை துவைகல்லில் இடது கையால் ஒட்டிக்கொண்டிருந்ததைக் காளியாத்தாள் பார்த்துவிட்டாள்.

"ஏங்கண்ணு, படிப்பை இடது கையிலயா குடுக்கறது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. அன்றிலிருந்து பிள்ளைகளுக்கு வலது கை, கம்பெனிக்கு இடது கை. டி-ஷர்ட்டு இதையெல்லாம் மனசில் வைத்துக்கொள்ளாது. ஜெபக்குமார் இரண்டு நாள் அவள் பின்னாலேயே நின்று பார்த்துவிட்டு, ஒரு கட்டு புதுப் பேப்பரைப் பிரிண்டரில் வைத்துவிட்டுப் போனார்.

*

பங்குனியில் பரீட்சை நடந்தது. அன்று லோக் ஒரே டி-ஷர்ட்டைப் பத்து நிமிடம் அயர்ன் பண்ணினான். சித்திரை பிறந்து மூன்றாம் நாள், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், போனைத் தூக்கிக்கொண்டு செக்கிங் டேபிளுக்கு ஓடிவந்தான்.

"ரிசல்ட்டுங்க!"

"சொல்லு."

"கணக்குல சி ப்ளஸ்ங்க."

பனியன் கம்பெனியில் ஏ கிரேடு கப்பலேறும், பி கிரேடு உள்ளூரில் விற்கும். சி கிரேடை மூட்டை கட்டிக் கிலோக் கணக்கில் காதர்பேட்டைக் கழிவுச் சந்தைக்கு அனுப்பிவிடுவார்கள். சித்ராதேவி ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஒரு பெண் வந்து லோக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"விடு வே" என்றான் இசக்கிமுத்து. "ப்ளஸ்னு போட்டிருக்காம்லா. சுமாரான சி."

"ஏனுங்க எல்லாரும் இப்படிப் பாக்கறீங்க?" லோக்குக்குப் பயம் வந்துவிட்டது. "சி ப்ளஸ் பாஸுங்க. சி பாஸுங்க. டி வரைக்கும் பாஸுங்க எங்க ஊர்ல. எல்லாப் பாடமும் பாஸுங்க."

முதலில் யார் கத்தியது என்று தெரியவில்லை. டேபிளில் ஒருத்தி ஏறி நின்றாள். இசக்கிமுத்து கையிலிருந்த சோற்றோடு லோக்கைக் கட்டிப்பிடிக்க, அயர்ன் பண்ணிய சட்டையில் சாம்பார் ஆனது. சித்ராதேவி மட்டும் உட்கார்ந்தே இருந்தாள்.

"சி-யா?" என்றாள். "சதவீதத்தை அம்புட்டுச் சொல்லிக்குடுத்தேனே. ஏ ஏன் வரல?"

"ஏட்டி! பிள்ளை பாஸாயிருக்கு!"

"அது சரி. போன் போடு."

திரையில் தொப்பி இல்லாமல் பிமலா. பின்னால் புதுத் தகரக் கொட்டகை ஒன்று வெயிலில் மின்னியது. சித்ராதேவிக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"நல்லாப் போட்டிருக்க கண்ணு."

இசக்கிமுத்து சோற்றுக் கையை அந்தரத்தில் நிறுத்தினான். லோக் மொழிபெயர்ப்பதற்குள் பிமலா தலையை ஆட்டி மறுத்தாள். ஒரு கசங்கிய கேள்வித்தாளை எடுத்துப் படிக்க ஆரம்பித்தாள். லோக் பின்னாலேயே ஓடினான்.

"நல்லாப் போடலைங்கறாங்க. ஏழாவதுல கழிக்காம கூட்டிட்டாங்களாம்ங்க. பத்தாவதுல மீட்டர்னு எழுதலையாம்ங்க. பதினாலாவதுல கடைசி வரி சரிதானாம்ங்க, ரெண்டாவது வரியில எழுத்து அழிஞ்சு மூணு மாதிரி இருக்குமாம்ங்க, திருத்தினவங்க அதைப் பாத்திருந்தா மார்க் போட்டிருக்க மாட்டாங்களாம்ங்க. பதினாறாவது..."

மணி அடித்தது. பெண்கள் தூக்குகளை மூடிக்கொண்டு அவரவர் ஸ்டூலுக்குத் திரும்பினார்கள். பிமலா விடாமல் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். விரட்ட வந்த ஜெபக்குமார் சித்ராதேவியின் தோளுக்குப் பின்னால் நின்று முழுவதையும் கேட்டார்.

"எம்மா! ஒண்ணு விடலையே. என்ன கண்ணு அந்தப் பிள்ளைக்கு!" என்றார். "எனக்கு இப்ப ரெண்டு செக்கர் வேணும். லோக்கு, உன் மகளை இங்க கூட்டிட்டு வந்தேன்னா..."

"அது வராது சார்" என்றாள் சித்ராதேவி.

ஜெபக்குமார் அவளை விட்டுவிட்டு அப்பன்காரனைப் பார்த்தார். லோக் பகதூர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து மாதமாகக் கண் முன்னால் இருக்க வேண்டும் என்று அவன் நினைத்த பெண், உள்ளங்கை அகலத்துக்கு, பதினேழாவது கேள்வியில் தான் செய்த தப்பைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வராதுங்க" என்றான்.